பத்து நிமிடம் முந்தி

இரண்டாம் நாள், புதுக் கணினியின் சுவிட்சில் விரல் படுவதற்கு முன்னரே ‘கிளிக்’ என்ற சத்தம் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் இராகுலன் அழுத்தினான்.

காலையிலிருந்து துறைமுகத்தில் சீமெந்து லொறிகளுக்கு நிறை பார்த்து அனுப்பிவிட்டு வந்தவன் அவன். காதுக்குள் இன்னும் லொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. களைத்த மனிதனுக்கு உலகத்தில் எது முன், எது பின் என்பதில் பெரிய அக்கறை இருப்பதில்லை. பெட்டிக்குள் காற்றாடிகள் மெல்லச் சுழன்றன, நீலமும் சிவப்புமாக வெளிச்சம் கசிந்தது, புதுப் பிளாஸ்டிக்கின் வாசம் ஜன்னலால் வந்த உப்புக்காற்றோடும் டீசல் நெடியோடும் கலந்து அந்தச் சின்ன அறையை நிறைத்தது. வேலை செய்கிறது, அவனுக்கு அது போதும்.

விளையாட்டுப் பைத்தியத்தில் அவன் அதை வாங்கவில்லை. மனைவி நிருஜாவுக்கு ரொறன்ரோவில் முதியோரைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. மகள் மாதுமையையும் கூட்டிக்கொண்டு போனாள். இவனுக்கு விசா வரவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில், அங்கே விடிந்திருக்கும் நேரம் பார்த்து, தகப்பனும் மகளும் கணினியில் சேர்ந்து விளையாடினார்கள். போனில் என்றால் “சாப்பிட்டீங்களா செல்லம்?” “ஓம்” என்பதோடு கதை முடிந்துவிடும். விளையாட்டுக்குள் மட்டும் பிள்ளை வாய் ஓயாமல் கதைக்கும்: பள்ளிக்கூடம், பனி, அம்மாவின் கோபம், எல்லாம் வரும். ஆனால் பழைய கணினி இவனைவிடக் களைத்திருந்தது. மகள் பள்ளத்தைத் தாண்டி அக்கரையில் நிற்பாள். இவன் உருவம் யோசித்து யோசித்துப் பாய்ந்து, பள்ளத்துக்குள் போகும்.

“நீங்க எப்பவும் பிந்தித்தான் வாறீங்க அப்பா,” என்றாள் ஒருநாள். “அடுத்த கிழமை நான் கவின்ட அப்பாவோட விளையாடட்டா?”

கவின் அவளோடு படிக்கும் பெடியன். அவனுடைய அப்பாவுக்கு விசா இருந்தது.

அடுத்த நாளே இராகுலன் மத்திய வீதியிலுள்ள றுமைஸின் கடைக்குப் போனான். றுமைஸ் கிண்ணியாக்காரன், பொருளோடு பகிடியையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பவன்.

“என்னத்துக்கு அண்ணே மெசின்? ஒபிஸ் வேலைக்கா?”

“விளையாட.”

றுமைஸ் அவனுடைய நரையைப் பார்த்தான். “ஆரு? நீங்களா?”

“ஓம். பிந்தக்கூடாது தம்பி. அதுதான் எனக்கு வேணும். மற்றதெல்லாம் உம்மட விருப்பம்.”

இருவரும் ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்தார்கள். பிராசஸரில் எத்தனை கோர் இருக்கிறது என்று பார்த்து மயங்காமல், ஒவ்வொரு கோரும் எவ்வளவு விரைவு என்று பார்த்தார்கள். “றாம் மெமரியை ரெண்டாப் போடுங்க அண்ணே, ஒண்டெண்டா நொண்டிக்கொண்டு ஓடும்,” என்றான் றுமைஸ். கிராபிக்ஸ் கார்டைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்க விடவில்லை. கரண்ட் வந்து வந்து போகிற ஊரில் அது போனால் மற்றதெல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் போகுமாம். உப்புக்காற்றுக்காக வலைபோட்ட கேசிங். கண் இமைப்பதற்குள் பல தடவை படத்தை மாற்றும் மொனிட்டர்.

“இனி எதுவும் பிந்தாது,” என்றான் றுமைஸ், கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டு. “பிந்தினா அது உங்கட கைதான். அதுக்கு என்ட கடையில சாமான் இல்ல அண்ணே.”

அவனுடைய உவர்மலை வீட்டில் பெட்டி முதல் தடவை விழித்தபோது நேரம் கேட்டது. கடல் கடந்து மூதூர் போகும் லோஞ்சுக்கு ஓடிப்பழகிய குடும்பம் அவனுடையது. லோஞ்ச் எவருக்காகவும் காத்து நிற்காது. அதனால் அந்த வீட்டு மணிக்கூடுகள் எல்லாம் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடும். பாலங்கள் வந்து சனம் பஸ்ஸில் போகத் தொடங்கிய பிறகும் யாரும் முள்ளைப் பின்னுக்குத் தள்ளவில்லை. இராகுலனின் கை தன்பாட்டில் பத்து நிமிடத்தைக் கூட்டி வைத்தது. சுவர் மணிக்கூட்டுக்கு அது வெறும் முள். மதர்போர்ட் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னதை நம்பியது. நம்பியதோடு நில்லாமல், அந்த நேரத்துக்குப் போய்ச்சேரப் புறப்பட்டும்விட்டது.

முதல் ஞாயிறு அவன் விரல் அசைய முன்னரே உருவம் பாய்ந்து அக்கரையில் நின்றது. “அப்பா! நீங்க விழேல்ல!” என்று மகள் கத்தியதில் அவனுக்குக் கண் கலங்கியது. பெட்டிக்கு மேல் ஒரு செவ்வரத்தம் பூவை வைத்தான்.

அடுத்த ஞாயிறு, அவன் பகிடி சொல்லத் தொடங்க முன்னரே ஹெட்செட்டில் மகள் சிரித்தாள். சிரித்த பிள்ளையை ஏமாற்றக்கூடாது என்று பகிடியைச் சொல்லி முடித்தான். அந்தப் பக்கத்தில் இப்போது சிரித்துக்கொண்டிருப்பாள். இந்தப் பக்கத்தில் மௌனம். காற்றாடிகளின் மூச்சு மட்டும்.

அதற்கடுத்த கிழமை அவன் தனியே விளையாடிப் பழகிக்கொண்டிருந்தபோது ஹெட்செட்டுக்குள் குசினிப் பக்கம் ஒரு கிளாஸ் உடைந்தது. எழுந்து போய்ப் பார்த்தான். ஓரமாக வைத்த கிளாஸ் அப்படியே நின்றது. நிலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. பூனை தட்டிவிடும் என்று நினைத்து, அலுமாரிக்குள் வைக்க எடுத்தான். கை ஈரம். வழுக்கியது. காதுக்குள் கேட்ட அதே சத்தம், அதே இடைவெளி, கடைசியாக ஒரு துண்டு உருண்டு சுவரில் முட்டிய அதே ‘டிங்’. அவன் காப்பாற்றப் போயிருக்காவிட்டால் அந்தக் கிளாஸ் இன்றும் இருந்திருக்கும்.

றுமைஸுக்குப் போன் எடுத்தான்.

“மெசின் முந்துது தம்பி.”

“எல்லாரும் பிந்துது எண்டுதான் கொண்டு வருவாங்க. நீங்க ஒரு ஆள்தான் முந்துது எண்டு குறை சொல்றீங்க.”

“பகிடி இல்ல. நான் செய்ய முந்தி அது செய்யுது.”

“நல்லா நித்திரை கொள்ளுங்க அண்ணே,” என்றான் றுமைஸ், பகிடியே இல்லாத குரலில். “நேரம் பிழையா வெச்சிருந்தாச் சரியா வெச்சுப் பாருங்க.”

வைத்தான். அந்த ஞாயிறு கணினி சரியாகத்தான் ஓடியது. பிந்தியது அவனுடைய கை. இரவு வேலை பார்த்த கை, நாற்பத்தாறு வயதுக் கை. முதல் பள்ளத்திலேயே விழுந்தான். இரண்டாவதிலும் விழுந்தான். மகள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை.

“பரவாயில்ல அப்பா. நீங்க களைச்சுப் போயிருப்பீங்க. நான் கவின் ஆக்களோட போறன், என்ன?”

அவள் போன பிறகு திரையில் அவனுடைய உருவம் பள்ளத்துக்குள் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, எவரும் வற்புறுத்தாமல், தன் கையாலேயே நேரத்தைப் பத்து நிமிடம் முந்தி வைத்தான்.

கடைசி ஞாயிறு வேளைக்கே வந்து உட்கார்ந்தான். வெளியே இருளத் தொடங்கியிருந்தது. கோயில் மணி கேட்டது. வேலியோரம், ஊருக்குள் அலையும் மான்கள் எதையோ கடித்துக்கொண்டிருந்தன. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. காலையிலிருந்து இடது தோளில் ஒரு நோ. வேலைக் களைப்பு என்று நினைத்தான். மொனிட்டரின் மேலிருந்த கமெரா திரையின் மூலையில் சின்னச் சதுரமாக அவனையே அவனுக்குக் காட்டும். மகளுக்குப் படம் போகாது. குரல் மட்டும்தான் போகும்.

சதுரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

வலது கையைத் தூக்கிப் பார்த்தான். சதுரத்தில் கை உயரவில்லை, கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை இதே சட்டை. கழுத்துப் பொத்தான் இதே மாதிரித் திறந்திருந்தது. தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, கதிரையின் முதுகில் கிடந்தது. கண் திறந்திருந்தது.

இமைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இமைக்கவில்லை.

ஹெட்செட்டைக் கழற்றி எறிந்தான். பிளக்கை இழுத்தான். காற்றாடிகள் நிற்கவில்லை. வெளியே ஓடி, படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கியது. தோளிலிருந்த நோ கைக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஓட்டோ பிடிக்கலாம். ஆனால் பாதி வழியில் மனம் மாறித் திரும்பி வந்து அந்தக் கதிரையில் உட்காரவும் பத்து நிமிடத்தில் நேரம் இருக்கிறது. காப்பாற்றப் போய் உடைத்த கிளாஸ் ஞாபகம் வந்தது.

சேர்ட் பொக்கெற்றில் போன் அடித்தது.

“அப்பா, எங்க நிக்கிறீங்க?” மாதுமை. இந்த நிமிடத்து மாதுமை. “கவின்ட அப்பா இண்டைக்கு ஏலாதெண்டிட்டார். நீங்களும் நானும் மட்டும்தான். வாறீங்களா?”

மான் ஒன்று தலை தூக்கி அவனைப் பார்த்தது.

“அப்பா?”

“வாறன் செல்லம்.”

“பிந்த மாட்டீங்களே?”

“இல்ல.”

திரும்பி நடந்தான். கால் கனத்தது. அறைக்குள் நீலமும் சிவப்பும். பிளக் நிலத்தில் கிடந்தது. பெட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உட்கார்ந்தான். வேர்வை குளிர்ந்திருந்தது. ஹெட்செட்டைக் காதில் வைத்தான்.

மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள்.

“அப்பா! இண்டைக்கு நீங்க ஒருக்காக்கூட விழேல்ல! இன்னும் கொஞ்ச நேரம் விளையாடுவமா?”

“ஓம் செல்லம்,” என்றது அவனுடைய குரல்.

அவன் வாய் திறக்கவில்லை. சதுரத்தைப் பார்த்தான். அங்கேயும் வாய் திறக்கவில்லை.

“நாளைக்கும் விளையாடுவமா அப்பா?”

“ஓம் செல்லம்.”

இடது கை மரத்தது. நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது. சதுரத்தில் சாய்ந்திருந்த முகத்தில் ஒரு நுளம்பு வந்து இருந்தது. கன்னத்தில் நடந்தது. திறந்திருந்த கண்ணின் கருமணியில் ஏறி, காலை ஊன்றி, குடிக்கத் தொடங்கியது. இமை அசையவில்லை. கீழே பத்து விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன. விரைவாக. பிந்தாமல்.