காயாத சட்டை

“ரயில் சுரங்கத்துக்குள்ள இருக்கறப்போ மட்டும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுடாத,” என்று கல்யாணமான புதிதில் அவன் சொல்லியிருந்தான்.

“நான் என்னைக்குப் பேர் சொன்னேன்? ‘ஏங்க’தான் உங்க பேரே.”

“சிரிக்காதடி. அந்தக் காலத்துல தோண்டறப்போ மண்ணு சரிஞ்சு ஒருத்தன் உள்ளயே செத்துப்போயிட்டான். சாப்பாடு கொண்டுபோன அவன் சின்னப் பொண்ணும்தான். பேர் காதுல விழுந்தா, அந்தப் பேர்க்காரனை உள்ள விட்டுட்டு, அவன் உருவத்துல அந்தச் செத்தவன் வெளிய வந்துடுவானாம். அதான் நாங்க தண்டவாளத்துல ரெண்டு தட்டு தட்டிக் கூப்பிடுவோம். உள்ள இருக்கறவன் பதிலுக்கு ரெண்டு தட்டுவான்.”

போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. தண்டவாளம் சோதிக்க உள்ளே போயிருந்தவனைத் தேடி அவள் ஓடினாள். சுரங்க வாயில் நின்று “ஏங்க, ஏங்க” என்று தொண்டை வறளக் கத்தியும் சத்தமில்லை. பதற்றத்தில் பேரைச் சொல்லிவிட்டாள்.

உடனே வந்தான். வெயிலுக்குக் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை.

அன்று அவன் போட்டிருந்த சட்டை இன்னும் கொடியில் தொங்குகிறது. உச்சி வெயில் முழுக்கக் குடித்தும், எத்தனை சோப்புப் போட்டும், கரியும் ஈரமண்ணும் கலந்த வாடையோடு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. அவனும் தினம் “உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பிப்பான். பிறகு பாப்பாவைப் பார்த்தபடி விழுங்கிவிடுவான்.

இன்று சாயங்காலம், சாப்பிடும்போது, அவள் கரண்டியால் தட்டின் விளிம்பில் தட்டினாள். தூக்கத்தில் தட்டினாலும் அவள் புருஷனின் விரல் பதில் சொல்லும். அத்தனை வருஷப் பழக்கம்.

டக். டக்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கை அசையவில்லை.

சட்டை சொட்டுகிற சத்தம். வேறொன்றுமில்லை.

பிறகு, பின்கதவுக்கு அப்பால் ஓடும் தண்டவாளத்தில், வெகு தொலைவிலிருந்து, சோர்ந்துபோன கை ஒன்று.

டக். டக்.

அவள் பின்கதவுப் பக்கம் திரும்பினாள். அவன் எழுந்தான். தூங்குகிற பாப்பாவின் முடியை மெல்லக் கோதினான். காய்ந்த சட்டைதான் போட்டிருந்தான். ஆனாலும் அவன் மணிக்கட்டிலிருந்து தலையணையில் கறுப்பாய் ஒரு சொட்டு.

“கேக்கணும்னு இருந்தேன்ல,” என்றான், பிரியமாக. “நாளைக்குப் பாப்பாவை நான் உள்ள கூட்டிட்டுப் போறேன். நீ வாசல்ல நின்னு, ஒரே ஒரு தடவை, அவ பேரைச் சொல்லிக் கூப்பிடு. என் பொண்ணு அங்க தனியா இருக்கா.”