ஸ்டாப்பர் கயிறு

டீசல் வராமல் நிற்கிற வண்டி விக்கும், குலுங்கும், கடைசியாக ஒருமுறை உதறிவிட்டுத்தான் அடங்கும். துளசிங்கத்தின் பழைய மினி லாரி அப்படி நிற்கவில்லை. பழவேற்காட்டிலிருந்து திருப்பாலைவனம் போகும் சாலையில், ஏரித் தண்ணீர் கடைசியாகக் கண்ணில் படுகிற வளைவில், வேலை முடிந்து வீட்டு வாசலில் அணைத்ததுபோல் சட்டென்று ஓய்ந்தது. மிச்ச வேகத்தில் உருண்டு போய் ஓரமாக நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி இந்திராணி ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் துணி மூட்டை இருந்தது. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கட்டிலும் பாத்திரமும் கேஸ் அடுப்பும் கிடந்தன. அனுப்பம்பட்டில் அவளுடைய அண்ணன் வரதன் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தான். மகள் நந்தினி போன மழைக்காலத்தில் ஏரியில் மூழ்கிப் போனதிலிருந்து இந்திராணி ஒருவாய்ச் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. யார் கண்ணிலும் படாமல் கரைக்குப் போவாள், புடவையோடு தண்ணீரில் இறங்குவாள், யாராவது பார்த்துக் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டும். அவளை இந்தத் தண்ணீர் கண்ணில் படாத ஊருக்குக் கொண்டு போய்விட்டால் உயிரோடு இருப்பாள். துளசிங்கத்துக்கு இனி இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

அதற்குத்தான் இந்தப் பாழாய்ப்போன வண்டி விடமாட்டேன் என்கிறது. முன்பு கிளம்பியபோதும் இதே இடத்தில் நின்றது. செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. டிராக்டரில் கட்டி இழுத்து ஏரிப் பக்கம் திருப்பியதும், சாவியைத் தொட்டவுடன் பிடித்துக்கொண்டது. பொன்னேரி மெக்கானிக் ஜான்சன் பில்டர் மாற்றினான், டேங்கைக் கழுவினான், டீசல் பைப்பைப் புதிதாகப் போட்டான், பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினான். "ஒண்ணும் இல்லண்ணா, கல்லு மாதிரி கீது" என்று ஓட்டிக்காட்டி அனுப்பினான்.

துளசிங்கம் இறங்கி பானெட்டைத் தூக்கினான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சூடான டீசல் வாடையோடு ஏரிச் சேற்றின் வாடையும், அழுகிய பாசியின் வாடையும், வண்டியின் பின்தொட்டியில் என்றைக்கோ உருகி ஊறிப்போன ஐஸ் தண்ணீரின் மீன் கவுச்சியும் சேர்ந்து அடித்தன. வேலிகாத்தான் புதருக்கு அந்தப் பக்கம், காற்றே இல்லாதபோதும், தண்ணீர் கரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஜான்சனுக்குப் போன் போட்டான்.

"நாசில் நட்ட லூஸ் பண்ணிட்டு செல்ஃப் அடிண்ணா. டீசல் எகிறுதா பாரு."

அவன் நட்டைத் தளர்த்தியதும் இந்திராணி உள்ளிருந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது. இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் நாசில் முனையில் ஒரு சொட்டு இல்லை. பில்டரில் மட்டும் டீசல் தளும்ப இருந்தது.

"பில்டர் வரிக்கும் வருது ஜான்சா. அதுக்கு அப்பால வர்ல."

"அப்ப பம்ப்புல ஸ்டாப் லீவர் மூடிக்கினு இருக்கும். கயித்த யாராச்சும் இழுத்தாங்களாண்ணா?"

துளசிங்கம் போனை அணைத்தான்.

பழைய டீசல் வண்டி சாவியில் அணையாது. டாஷ்போர்டிலிருந்து ஒரு கம்பி போய்ப் பம்ப்பில் இருக்கும் லீவரை இழுக்கும், டீசல் அடைபடும், இன்ஜின் நிற்கும். இந்தக் கரையில் எந்தக் கம்பியை உப்புக்காற்று விட்டுவைத்தது? குப்பத்தில் எல்லோரும் செய்வதுபோல் அவனும் கம்பி அறுந்ததும் பழைய வலையின் பருத்திக் கயிற்றைக் கோத்துக் கட்டியிருந்தான். அதை இழுப்பது நந்தினியின் வேலை. வேறு யாரும் தொடக்கூடாது, நைனா என்று அவள் கூப்பிடும் அவன்கூடத் தொடக்கூடாது. அவள் மூழ்கிய அன்றைக்கு ஐஸ் இறக்குகிற அவசரத்தில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டை விழுந்த சைலன்சர் போட்ட கூச்சலில், கட்டிப்போட்ட படகுகளுக்கு நடுவில் குழந்தை கூப்பிட்டது ஒருவர் காதிலும் விழவில்லை.

குனிந்து பார்த்தான். லீவர் மூடியிருந்தது. கயிறு விறைப்பாக நின்றது. தொட்டால் ஈரம்.

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், வலைக்காரன் மகனுக்கு இதுகூடவா தோன்றாமல் போயிற்று? ஐஸ் தண்ணீர் எங்கோ ஒழுகி நனைத்திருக்கிறது. சுருங்கிச் சுருங்கி லீவரை இழுத்திருக்கிறது. காய்ந்தால் விட்டுவிடும். அவ்வளவுதான்.

ஈரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு. ஏரித் தண்ணீரின் உப்பு.

கயிற்றைத் தளர்த்தலாம் என்று இரண்டு விரலால் பிடித்தான். டாஷ்போர்டு பக்கம் இருந்த அந்த முனையிலிருந்து யாரோ மெதுவாக இழுத்தார்கள்.

நிமிர்ந்து, பானெட்டுக்கு ஓரமாக எட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். இந்திராணியின் இரண்டு கையும் மூட்டைமேல் இருந்தன.

"கயித்த ஒண்ணும் பண்ணாதயா" என்றாள் அவள்.

"இன்னாமே சொல்ற?"

"வண்டி நின்னாதான் அவ கூப்புட்றது காதுல வுழுது."

அவன் கேட்காமல் இருக்கப் பார்த்தான். தண்ணீர் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. ஒரு பறவைகூட இல்லை. புதருக்கு அந்தப் பக்கம், தூங்கி எழுந்த குரலில், மெள்ள.

நைனா.

ஓடிப்போய் வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கால் துடித்தது. பெற்ற மனம் வேறு என்ன செய்யும்? ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். எலும்பும் தோலுமாக, கழுத்தைச் சாய்த்து, அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். உள்ளே கிடந்த மிச்சத்தையும் உருவிச் சாலையில் எறிந்தான். லீவர் பட்டென்று திறந்துகொண்டது. நட்டை முறுக்கினான், பானெட்டை மூடினான், ஏறினான், சாவியைத் திருப்பினான்.

பிடித்துக்கொண்டது. சைலன்சர் கத்தியது. வண்டி நகர்ந்தது. இனி எவராலும் இதை நிறுத்த முடியாது. அனுப்பம்பட்டு போய்ச் சேர்ந்தபின் கியரில் போட்டு அடக்கிக்கொள்ளலாம். அவனுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"நிறுத்துயா." இந்திராணி ஓரக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொயந்த ஓடியாருது."

பார்க்கக்கூடாது. பார்த்தான்.

மஞ்சள் கவுன். ஒட்டிய தலைமயிர். தார்ச்சாலையில் ஈரக் காலடி. வாய் திறந்து மூடியது. இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

கதவு திறந்துகொண்டது. மூட்டை விழுந்தது. பிரேக் அடிப்பதற்குள் அவள் குதித்துவிட்டாள். விழுந்தாள். எழுந்தாள். ஓடினாள்.

துளசிங்கம் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இறங்கி ஓடினான். வண்டி பின்னால் நின்று உறுமிக்கொண்டே இருந்தது. கயிறில்லை. கியரில் போட்டு அடக்க நேரமில்லை. "இந்திராணி!" அவன் குரல் அவன் காதிலேயே விழவில்லை.

வளைவில் அவள் மண்டியிட்டுக் குழந்தையின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்தது. குழந்தை முந்தானையை இரண்டு கையாலும் பிடித்தது. பின்னால் சாய்ந்து, முழு பலத்தோடு இழுத்தது. அவள் எழுந்து கூடவே போனாள்.

புதரைக் கிழித்துக்கொண்டு அவன் கரையில் இறங்கினான். சேறு முழங்காலைப் பிடித்தது. ஒரு காலைப் பிடுங்கினால் மற்றது புதைந்தது. முன்னால் முந்தானை மட்டும் தண்ணீருக்குள் விறைப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் அந்த முனையில் யாரும் தெரியவில்லை.

கழுத்தளவு தண்ணீரில் இந்திராணி திரும்பினாள். சிரிப்பு இல்லை. முகமெல்லாம் பயம். அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.