பாதி தீர்ந்த டியூப்

காலை ஏழு மணி. மல்யுத்தத் தேர்வுக்கு வந்தவர்களைப் பரிசோதித்த டாக்டர், தம்பியின் முதுகைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். உள்ளங்கை அளவு இருந்த படர்தாமரை முதுகு முழுக்கப் பரவியிருந்தது. ஒட்டிக்கொள்ளும் நோய், களத்தில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு வருட உழைப்பு பாழ்.

தம்பி நேராகப் போய் அறைத்தோழனை அடித்துவிட்டான். இருவருக்கும் ஒரே எடைப் பிரிவு. தம்பி விலகினால் வாய்ப்பு தோழனுக்கு. இரவில் முதுகுக்குக் களிம்பு தடவிவிடுவதும் அவன்தான்.

எட்டு மணிக்கு அக்கா வந்து சேர்ந்தாள். மருந்துக் கடை நடத்துபவள். தான் கொடுத்த மருந்தே பலிக்கவில்லை என்ற கடுப்பில், வந்ததும் டியூப்பைக் கேட்டு வாங்கினாள்.

"தினம் ரெண்டு வேளைன்னு சொன்னேன். இந்நேரம் தீர்ந்திருக்கணும். பாதி அப்படியே இருக்கு."

ஏமாற்றியிருக்கிறான் என்று தம்பி குதித்தான். ஒரு ராத்திரிகூட விட்டதில்லை என்றான் தோழன், வீங்கிய உதட்டோடு. பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அரிப்பு எப்போ நின்னுச்சு?" என்று அக்கா தம்பியைக் கேட்டாள்.

"முதல் நாள் காலையிலேயே. மாஸ்டர் தடவினதும் சிவப்பும் அடங்கிடுச்சு."

காலை வேளை மருந்து பயிற்சிக் கூடத்தில், குப்புறப் படுத்த நிலையில், மாஸ்டர் கையால் நடக்கும். மாஸ்டர் எதிலிருந்து எடுத்தார் என்று தம்பி பார்த்ததே இல்லை. டியூப்போ அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கும், சாவி தம்பியிடம்.

அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இரவு வேளைக்குப் போனது பாதி. அவன் ஒழுங்காத்தான் போட்டிருக்கான். மீதிப் பாதி ஏன் இருக்கு? காலையில போட்டது வேற மருந்து. பூஞ்சைக்கான களிம்பு ஒரே நாள்ல சிவப்பை அடக்காது. ஸ்டீராய்டுதான் அடக்கும். அடக்கிட்டு உள்ளுக்குள்ள நோயைப் பரவ விடும். மாஸ்டர், உங்க பையைக் காட்டுங்க."

அவர் காட்டவில்லை. தன் முழங்கை அரிப்புக்கு வாங்கிய களிம்பு என்று முனகினார். சிவப்பு மறைந்தால் டாக்டர் விட்டுவிடுவார் என்று நினைத்தாராம்; நல்லதுக்குத்தான் செய்தாராம்.

"சரி. அந்தப் பையன் அடி வாங்கினப்போ ஏன் வாயைத் திறக்கல?"

மாஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

ஒன்பது மணிக்குத் தோழனின் பெயரைக் கூப்பிட்டார்கள். தம்பி பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தான். தோழன் கையை விடுவித்துக்கொண்டான்.

"கேட்டுட்டு அடிச்சிருக்கலாம்ல?"