பத்தில் எட்டுப் பங்கு

"எங்க செக்‌ஷன் காசை யாரோ திருடறாங்க சார்" என்று ஐரின் சொன்னதும், பெர்னார்டின் முகம் கல்யாணப் பந்தியில் இலை போட்டதுபோல மலர்ந்தது. அவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. மர்பி டவுனில் அவருக்கு மாடிவீட்டுக்காரரான சிவசங்கரன் ஓய்வுபெற்ற காஸ்ட் அக்கவுண்டன்ட். இருவரும் சேர்ந்து இதுவரை பிடித்த குற்றவாளிகள்: தண்ணீர் கலந்த பால்காரர் ஒருவர், பூனை ஒன்று.

ஜோகுபாளையத்துத் தையல் யூனிட்டில் கை எம்பிராய்டரிப் பிரிவுக்கு ஐரின்தான் சூப்பர்வைசர். அவரையும் சேர்த்து எட்டுப் பெண்கள். ஆர்டர் குறையவே இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வந்த மாதத்திலிருந்து கணக்கில் நஷ்டம். சனிக்கிழமையோடு பிரிவை மூடப்போகிறார் முதலாளி சுனில்.

மூவரும் யூனிட்டுக்குப் போன அரை மணியில் கரண்ட் போனது. மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. அதை ஓட்டும் இரண்டு ஆட்களில் ஒருவர் வெளியே ஓடினார்.

"ஓடறான் பாருய்யா! அவன்தான்!" என்றார் பெர்னார்ட்.

"ஜெனரேட்டர் போடப் போறான்யா. சும்மா நில்லு."

சிவசங்கரன் ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த ஐரினையும் மற்றப் பெண்களையும் பார்த்தார். எட்டு ஊசிகளில் ஒன்றுகூட நிற்கவில்லை.

சுனிலின் அறையில் கணக்குத்தாளை வாங்கி விரித்தார்.

"திருடன் யாருமில்ல. கரண்ட், டீசல், மெஷின் ரிப்பேர் எல்லாத்தையும் பொதுச்செலவுன்னு ஒண்ணாக் கொட்டி, ஆளுங்க வேலை செஞ்ச மணிக்கணக்குல பிரிச்சிருக்கீங்க. கைவேலைக்கு எட்டு பேர், மெஷினுக்கு ரெண்டு பேர். நூறு ரூபாய்ல எண்பது இவங்க தலையில. கரண்ட் போனதுகூட இவங்களுக்குத் தெரியல. மெஷின் தின்னதுக்கு இவங்க பில்லு கட்டறாங்க. மெஷின் ஓடற மணியை வெச்சுப் பிரிங்க, நஷ்டம் இடம் மாறிடும்."

பெர்னார்ட் கைதட்டவே போய்விட்டார்.

"தெரியும் சார்" என்றார் சுனில். "மெஷின்ல லாபம்னு காட்டித்தான் பேங்க் லோன் வாங்கினேன். ரெண்டாவது மெஷினுக்கும் கேட்டிருக்கேன். அதுக்கு இவங்க உக்கார்ற ஹால் வேணும். அப்புறம், இந்தக் கணக்கு என்னோடது இல்ல." டிராயரிலிருந்து பழுப்பேறிய தாளொன்றை எடுத்து வைத்தார். "எங்கப்பா காலத்துல நீங்க போட்டுக் குடுத்தது."

கீழே சிவசங்கரனின் கையெழுத்து. அன்றைக்குப் பட்டறையில் மெஷினே கிடையாது. கைகள்தான். அன்றைக்கு அது சரியான கணக்கு. இப்படி ஐம்பது பட்டறைகளுக்கு எழுதி, ஃபீஸ் வாங்கி, சாப்பிட்டு, மறந்தவர் அவர். நிலைமை மாறினால் இதையும் மாற்றுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். குற்றவாளியை இவ்வளவு பக்கத்தில் பிடித்தது அவருக்கு இதுதான் முதல் தடவை.

வாசலில் ஐரின் காத்திருந்தார்.

"நாங்க நஷ்டம் பண்ணல இல்ல சார்?"

"இல்லம்மா. அந்தக் கணக்குதான் தப்பு. அதைப் போட்டவன் நான்."

"அப்ப சனிக்கிழமை?"

"மூடத்தான் போறார்."

"வேற யூனிட்ல போய் நின்னா, நஷ்டத்துல மூடின செக்‌ஷன்தானேன்னு கூலியைக் குறைப்பாங்க. நஷ்டம் எங்களால இல்லன்னு எழுதிக் குடுங்க. எட்டு பேருக்கும்."

சிவசங்கரன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணு எழுதுய்யா போதும்" என்றார் பெர்னார்ட். "எதிர்லயே ஜெராக்ஸ் கடை இருக்கு."

"வேணாம்ண்ணே" என்றார் ஐரின். "எட்டையும் கையாலயே எழுதட்டும்."