களங்கண்டித் தடியில் நின்ற ஆள்

வள்ளம் பாலைதீவின் மணலில் ஏறி நின்றபோது பெர்னடெட் முதலில் தேடியது அந்தோனியார் கோயிலின் கூரையைத்தான். அது இருந்தது. ஓடுகள் சில சரிந்திருந்தன, முன்கதவை உப்புக்காற்று அரித்திருந்தது. ஆனாலும் இருந்தது. சண்டை ஓய்ந்து கடலைத் திறந்துவிட்ட தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் அந்த மாசி மாதத்தில், இருந்த இடத்தில் இருக்கிற எதைக் கண்டாலும் யாழ்ப்பாணத்துக் குருநகர்ச் சனங்களுக்குக் கண் கலங்கியது.

திருநாளுக்கு இன்னும் நாள் கிடந்தது. தீவில் வேறு ஒருவரும் இல்லை. எண்பத்துநாலில் ஜேர்மனிக்குப் போன அவளுடைய மூத்த மகன் சிமியோன் வவுனியாவால் சுற்றி, கிளாலிக் கடல் கடந்து வீட்டுக்கு வந்திருந்தான். வந்த அன்றே பெர்னடெட் அவனிடம் கேட்டது இதை ஒன்றைத்தான்.

"பிள்ளையள் ரெண்டு பேரும் ஒரு நாளைக்கு எங்களோடை கடலிலை வரவேணும். சின்னனிலை போனமாதிரி."

பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள். சிமியோனுக்கு முன்தலையில் மயிர் கொட்டியிருந்தது. இளையவள் அருமைநாயகி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். அவர்களுடைய தகப்பன் நீக்கிலாப்பிள்ளை, தென்னோலையால் மூடி வருடக்கணக்காகக் கரையில் கிடந்த வள்ளத்தைப் பழுது பார்த்து, எங்கேயோ தேடிப்பிடித்த ஒரு போத்தல் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டி வந்திருந்தார்.

கோயிலைக் கூட்டி மெழுகுதிரி கொளுத்தினார்கள். பிறகு மரநிழலில் பாய் விரித்துப் பிட்டும் நண்டுக்கறியும் சாப்பிட்டார்கள். சிமியோன் நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சியபடி, தான் வேலை செய்கிற சமையலறையின் முதலாளி கத்துகிற மாதிரிக் கத்திக் காட்டினான். நீக்கிலாப்பிள்ளை சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் என்று பெர்னடெட் நினைத்தாள். இது போதும் என்று நினைத்தாள்.

வெயில் தணியத் திரும்பினார்கள். இருட்டுமுன் கரை பிடித்தாக வேண்டும். சண்டை ஓய்ந்திருந்தாலும், இருட்டில் கடலில் அசைகிற எதையும் நேவிக்காரன் சுடுவான்.

காற்று விழுந்திருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை; ஒரு கடற்காகம்கூடக் கத்தவில்லை. பாதி வழியில், ஆழம் குறைந்த இடத்தில், வலை கட்டி மீன் பிடிப்பதற்காக நட்ட களங்கண்டித் தடிகள் வரிசையாகத் தெரிந்தன. முன்னால் இருந்த அருமைநாயகிதான் முதலில் கண்டாள்.

"அப்பா, அந்தத் தடியிலை நிக்கிறது ஆளோ?"

ஆள்தான். நெஞ்சளவு தண்ணீரில், தடியோடு தடியாக ஒட்டி நின்றது. ஒரு கை தடியைக் கட்டிப்பிடித்திருந்தது. மற்றக் கை மேலே உயர்ந்திருந்தது. மெதுவாக அசைந்தது.

நீக்கிலாப்பிள்ளை எஞ்சினைத் தணித்தார்.

"நிப்பாட்டாதேங்கோ அப்பா," என்றான் சிமியோன்.

"என்னடா கதைக்கிறாய்? கடலிலை நிக்கிற ஆளை விட்டிட்டுப் போறதோ?"

"உது ஆரெண்டு தெரியுமே? சுத்திவர ஒரு வள்ளமும் இல்லை. ஆள் எப்பிடி அங்கை வந்தது?" சிமியோனின் குரல் தணிந்தது. "நேவி வைச்ச பொறியாயும் இருக்கும். கிட்டப் போக வெடி விழும். வள்ளத்திலை அம்மா இருக்கிறா, தங்கச்சி இருக்கிறாள்."

"கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்பம் அண்ணை," என்றாள் அருமைநாயகி. ஒருமுறைதான் சொன்னாள்.

நீக்கிலாப்பிள்ளை பெர்னடெட்டைப் பார்த்தார்.

அந்தப் பார்வையின் பொருள் அவளுக்குத் தெரியும். திருப்புங்கோ என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், மகன் என்ன சொன்னாலும் அவர் திருப்புவார். அவள் தடியில் நின்ற ஆளைப் பார்த்தாள். பிறகு சிமியோனைப் பார்த்தாள். இத்தனை காலத்துக்குப் பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளை. அவனுடைய சேட்டுப் பையில் திரும்பிப் போகிற கடவுச்சீட்டு.

அவள் தலையைக் குனிந்து செபமாலையை உருட்டினாள். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள்.

எஞ்சின் இரைந்தது.

தடிகள் பின்னால் போயின. பின்னாலிருந்து ஏதோ குரல் வந்தது. எஞ்சின் இரைச்சலில் என்னவென்று பிடிபடவில்லை என்பதுபோல் நான்கு பேரும் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் வள்ளம் மெதுவாகியது.

நீக்கிலாப்பிள்ளை எஞ்சினை முழுக்க முறுக்கினார். அது அலறியது. வள்ளம் ஊர்ந்தது.

"வலை ஏதும் சிக்கிட்டுதோ?" என்று அருமைநாயகி கேட்டாள்.

வள்ளம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அந்தப் பக்கம் யாரும் இருக்கவில்லை. சாமான்களும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்து விளிம்பு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வந்தது. வெளியிலிருந்து ஒரு ஆள் தொங்கிக்கொண்டு வந்தால் எப்படிச் சாயுமோ, அப்படி.

கடலடிச் சேறு மணத்தது. கலக்கிவிட்ட பழைய சேற்றின் மணம்.

"அந்தப் பக்கம் பாக்காதேங்கோ," என்று நீக்கிலாப்பிள்ளை மெல்லச் சொன்னார்.

ஒருவரும் பார்க்கவில்லை.

கரை தட்டியதும் சாய்வு நின்றுவிட்டது. வள்ளம் ஒருமுறை ஆடி நிமிர்ந்தது, யாரோ இறங்கிவிட்டதுபோல். பிள்ளைகள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தார்கள். பெர்னடெட் மட்டும் நின்றாள். நீக்கிலாப்பிள்ளை இடப்பக்க விளிம்பைச் சாரத் தலைப்பால் அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்து முடிக்குமுன் அவள் கண்டுவிட்டாள். விளிம்பில் சேறு பிடித்திருந்தது. நான்கு விரல் அகலத்துக்கு. அதற்குக் கொஞ்சம் தள்ளி மற்றக் கைக்கு.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

விடிந்தும் விடியாததுமாக நீக்கிலாப்பிள்ளை அயல்வீட்டுச் சூசைதாசனைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். வெயில் ஏறத் திரும்பி வந்தார்கள். வள்ளத்தின் நடுவில் பழைய பாயால் மூடி ஒன்று கிடந்தது.

"களங்கண்டி வலையிலை சிக்கிக் கிடந்தது," என்றார் சூசைதாசன். அவர் மூக்கைத் துணியால் பொத்தியிருந்தார். "ஆர் பெத்த பிள்ளையோ. எங்கடை பக்கத்து ஆள் இல்லை. முகம் மட்டுப் பிடிக்கேலாது."

"எப்ப செத்தது?" சிமியோன் வாசலிலேயே நின்று கேட்டான்.

"கிழமைக்கு மேலை வரும் தம்பி. உடம்பைப் பாத்தால் தெரியுது. ஒரு கை வலையிலை மாட்டி மேலை நிண்டது. நீரோட்டத்துக்கு ஆடியிருக்கும், அதைத்தான் நீங்கள் கண்டிருப்பியள்."

சிமியோன் மூச்சை விட்டான். அவனுடைய முகத்தில் நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. கிட்டத்தட்டச் சிரித்தான்.

"கேட்டியளே அம்மா? செத்த ஆள். நாங்கள் ஒருதரையும் சாகவிடேல்லை. திரும்பிப் போயிருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது."

பெர்னடெட்டுக்கும் அந்த ஆறுதல் வேண்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் இன்றைக்குச் சோறு இறங்கும். ஆனால் வாயில் வேறு வந்தது.

"ஏத்தச் சொல்லித்தானே மோனை கேட்டது. உயிரோடையோ இல்லையோ எண்டு பாத்துத்தான் ஏத்திறதோ?"

"செத்த ஆள் எப்பிடி அம்மா கேக்கும்?"

அப்போது அருமைநாயகி, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"என்னை அக்கா எண்டு கூப்பிட்டது."

நீக்கிலாப்பிள்ளை வாசற்படியில் இருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். "எனக்கு அண்ணை எண்டு கேட்டது," என்றார். "ரெண்டுதரம்."

சிமியோன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

பெர்னடெட்டும் தனக்குக் கேட்டதைச் சொல்லவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆளைத் தேடி எந்த ஊரிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லி, பேரில்லாத அந்த உடம்பைச் சேமக்காலையின் கடலோரப் பக்கத்தில் அடக்கம் செய்தார். நீக்கிலாப்பிள்ளை சொந்தக்காரனைப்போல் முன்னால் நின்று முதற்பிடி மண் போட்டார். சிமியோன் வரவில்லை.

அவன் மாறிவிட்டான். குளிக்க வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். கடலைப் பார்த்த யன்னலை அடைத்து வைத்தான். இன்னும் கொஞ்ச நாள் இருப்பதாகச் சொல்லியிருந்தவன், வேலை இடத்தில் தேடுவார்கள் என்று சொல்லித் திடீரெனப் பயணம் கட்டினான்.

கிளாலிக் கரை வரைக்கும் பெர்னடெட் கூடப் போனாள். அந்தக் கரையிலும் படகுதான் ஏறவேண்டும். பையைத் தோளில் போட்டபடி அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சனங்கள் அவனைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள்.

"அம்மா," என்றான். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரல். "அண்டைக்கு அப்பா எஞ்சினைத் தணிச்ச உடனையே அது என்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. சிமியோன் எண்டு. தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுறமாதிரி. அதுதான் எனக்குப் பயம் வந்தது. பொறியெண்டு நான் சொன்னது பிறகு."

"தெரியும் மோனை."

"நீங்கள் ஏன் திருப்பச் சொல்லேல்லை?"

அவள் அவனுடைய கன்னத்தைத் தடவினாள். உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கத்தான் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பாரத்தையும் இந்தப் பிள்ளைதான் ஜேர்மனிக்குச் சுமக்கும்.

"எனக்கு வாய் வரேல்லை," என்றாள். "பிழை என்னிலைதான். நீ யோசியாமல் போ."

அவன் ஏறினான். படகு புள்ளியாகும்வரை நின்றுவிட்டு, அவள் தனியாகத் திரும்பினாள்.

சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. கடலை மூடினார்கள். வள்ளங்கள் எல்லாம் மீண்டும் கரைக்கு ஏறின. சிமியோன் போய்ச் சேர்ந்துவிட்டானாம் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். அருமைநாயகி பள்ளிக்கூடம் போய் வந்தாள். நீக்கிலாப்பிள்ளை ஞாயிறு பூசை முடிந்ததும் சேமக்காலைக்குப் போய், அந்தப் பேரில்லாத குழியில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். அதைப்பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. கதைக்காமல் விட்டால் ஆறிவிடும் என்று ஒவ்வொருவரும் மற்றவருக்காக நினைத்தார்கள்.

ஒருநாள் கிழக்கு வெளுக்கிற நேரம், பெர்னடெட் தேத்தண்ணிக்குத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனாள். அந்தத் தெருவில் நல்ல தண்ணீர்க் கிணறு அவர்களுடையது ஒன்றுதான். அயலார் எல்லாம் அங்கேதான் குடிக்க அள்ளுவார்கள்.

வாளியை இழுத்துக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தாள். ஒரு கை அள்ளி வாயைக் கொப்பளித்தாள்.

கரித்தது.

மறுபடி அள்ளி நாக்கில் வைத்தாள். கடல் தண்ணீர். வாளிக்குள் விரலை விட்டுத் துழாவினாள். அடியில் பச்சையாக ஒரு பிடி சாதாளை கிடந்தது. கடலடியில் முளைக்கிற பாசி, இப்போதுதான் பிடுங்கியதுபோல் வழுவழுவென்று.

நேற்றுப் பின்னேரம் இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே விளக்கு இன்னும் ஏற்றவில்லை. கூப்பிட்டால் நீக்கிலாப்பிள்ளை வருவார். அவள் கூப்பிடவில்லை. வாளியைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, மறுபடி கயிற்றை விட்டாள். வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது. அந்தக் கிணறு அவ்வளவு ஆழம் இல்லை.

இழுத்தாள்.

வரவில்லை.

கயிறு விறைத்து நின்றது. கல்லில் மாட்டிய இறுக்கம் அல்ல அது. கீழே ஒன்று பிடித்திருந்தது. மூச்சு வாங்குகிற ஆளின் கை நடுங்குவதுபோல் கயிறு நடுங்கியது. உள்ளங்கை எரிந்தது. சேற்று மணம் மேலே வந்தது.

விட்டுவிட்டு ஓடலாம். கயிற்றை விட்டால் போதும்.

"அம்மா," என்றது கிணறு.

அன்றைக்குக் கடலில் அவளுக்குக் கேட்ட அதே குரல். கோபம் இல்லாத குரல். களைத்துப்போன ஒரு பிள்ளையின் குரல்.

பெர்னடெட் ஒரு காலைக் கிணற்றுக் கட்டில் முட்டுக்கொடுத்தாள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இந்தமுறை வாய் வந்தது.

"ஏறு மோனை," என்றாள். "நான் விடமாட்டன்."

கயிறு ஒருமுறை ஆடியது.

பிறகு, கை மாற்றிக் கை மாற்றி யாரோ ஏறத் தொடங்கியதுபோல், இன்னொருமுறை.