துண்டுக் கூடையில் யார்?

லோப்புரி ஊரில் ஐஸ்கிரீம் வாங்கினால் முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். அப்புறம்தான் வாயில் வைக்க வேண்டும். எந்தக் கம்பியிலிருந்து எந்தக் குரங்கு குதிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பத்து வயது லம்யாய்க்கு இதெல்லாம் பழக்கம். அவள் அப்பா பிரசெர்ட், ரயில் நிலையத்துக்கு எதிரே முடிவெட்டும் கடை வைத்திருந்தார். குரங்குகளுக்காகவே கடையின் கம்பிக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும்.

அன்று சோம்புன் மாமா தன் மகளின் கல்யாணத்துக்காக முடிவெட்ட வந்திருந்தார். பாதித் தலை முடிந்திருந்தது. திடீரென்று கதவு தடதடவென ஆடியது.

ஒரு பெண்குரங்கு கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு கூட்டமே பல்லைக் காட்டிக் கத்திக்கொண்டு நின்றது.

"கதவையே பேத்துடும் போலிருக்கே," என்று அப்பா கவணைத் தேடினார்.

"பிரசெர்ட், இன்னும் கொஞ்ச நேரத்துல கல்யாணம். பொண்ணோட அப்பன் பாதித் தலையோடவா போய் நிக்கிறது?" என்றார் மாமா.

லம்யாய் கம்பி வழியாக ஒரு வாழைப்பழத்தை வீசினாள். மற்ற குரங்குகள் அடித்துக்கொண்டன. அந்தப் பெண்குரங்கு மட்டும் திரும்பவே இல்லை. கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.

பழத்தைத் திரும்பிப் பார்க்காத குரங்கை லம்யாய் கண்டதே இல்லை.

"அப்பா, கவண் வேணாம். அது நம்மள அடிக்க வரல. எதையோ தேடுது."

"இங்க என்ன இருக்கு? முடிதான் இருக்கு."

லம்யாய் நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள். மூலையில் துவைத்த துண்டுகள் இருந்த கூடைக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்பி இடுக்கில் நுழைந்து வந்த ஒரு குட்டிக் குரங்கு அங்கே சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"தூக்கி வெளிய விட்டுடறேன்," என்று அப்பா குனிந்தார்.

"தொடாதீங்கப்பா. அது கத்துச்சுன்னா அவ்வளவுதான், எல்லாம் நம்ம மேல பாஞ்சிடும்."

லம்யாய் துடைப்பத்தை எடுத்தாள். அதன் கட்டையால் கூடையை மெல்ல மெல்லக் கதவுவரை தள்ளினாள். கதவை ஒரு சாண் மட்டும் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

இடுக்கு வழியாக ஒரு கறுத்த கை நீண்டது. துண்டோடு சேர்த்துக் குட்டியை வாரி அணைத்தது. மறுநொடி வெளியே கூச்சல் அடங்கியது. அப்பா கதவைச் சாத்தினார்.

"புதுத் துண்டு," என்று முணுமுணுத்தார்.

"குட்டிக்குக் குளிராம இருக்கும், விடுங்கப்பா."

எதிரே ரயில் நிலையச் சுவர் மேல் தாய்க்குரங்கு குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குட்டியின் தலைமுடியை விலக்கி விலக்கி, பொறுமையாகப் பேன் பார்த்தது.

சோம்புன் மாமா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாத்தியா பிரசெர்ட், அவ முழுத் தலையும் முடிச்சிட்டா. நீ எப்ப முடிக்கப் போற?"

அப்பா சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார்.