கட்டைவிரலில் கிடைத்த நாடி

பக்கத்தைத் திருப்பியபோது டாக்டரம்மா விரலை நாக்கில் தொடவில்லை.

அது ஒரு பெரிய விஷயமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவள் இரண்டு வருடமாக அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். எச்சில் தொடாமல் டாக்டரம்மா ஒரு தாளையும் திருப்பியதில்லை என்பதும், அதற்காகவே அவளுடைய உயிரியல் புத்தகத்தை யாரும் கடன் கேட்க மாட்டார்கள் என்பதும் வகுப்புக்கே தெரியும். இன்றைக்கு அவள் உலர்ந்த விரலால் தாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், அது நகராதபோது நகத்தால் கீறி எடுத்தாள்.

எல்லாப் பரீட்சையிலும் முதலில் வருவதால் அவள் டாக்டரம்மா. வினாத்தாளைப் பார்த்ததும் மூலையில் ஒடுங்குவதால் இவள் சுண்டெலி. போன வருடம் உயிரியலில் தோற்றவள். மறுபடி தோற்றால் நர்ஸ் படிப்பை மறந்துவிட்டு அண்ணியின் துணிக்கடையில் நிற்க வேண்டியதுதான் என்று அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்தே சொல்லிவிட்டார். நாளைக் காலை எழுத்துத் தேர்வு, மதியம் செய்முறை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி தவித்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு வாரமாகக் காய்ச்சலில் படுத்திருந்த டாக்டரம்மாவிடமிருந்து மத்தியானம் போன் வந்தது. சாயங்காலம் வா, எல்லாம் சொல்லித் தருகிறேன் என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் சுண்டெலிக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவைத் திறந்தது டாக்டரம்மாவின் அம்மா. கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் சிரித்தாள். மகளின் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை, உடம்பு ஜில்லென்று இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னாள். மாடிப்படி வரை சுண்டெலியின் கையைப் பிடித்து அழைத்து வந்தவள், விடும்போது மணிக்கட்டை ஒரு தரம் தடவினாள். பாவம், ஒரு வாரம் தூங்காத தாய் என்று சுண்டெலி நினைத்துக்கொண்டாள்.

மாடி அறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது, தெருவில் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கண்ணாடி வழியாக மங்கலாகக் கேட்டது, அறைக்குள் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. முகப்பவுடர் வாசனை மூக்கை அடைத்தது. அரை டப்பாவைக் கவிழ்த்திருப்பார்கள் போல. அந்த வாசனைக்கு அடியில், பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாடை மெல்ல வந்து வந்து போனது. அறையில் பூச்சாடி எதுவும் இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுண்டெலி புத்தகத்தைப் பிரித்தாள். காய்ச்சல்காரி குளித்திருக்க மாட்டாள், பவுடர் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் நாளைக்குத் துணிக்கடைதான்.

அடுத்தது இரத்த ஓட்டம். டாக்டரம்மா எப்போதும் போலப் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தாள். மேற்பெருஞ்சிரையில் தொடங்கி வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், அங்கிருந்து திரும்பி இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, அதன் கிளைகள், கிளைகளின் கிளைகள், தந்துகிகள், மறுபடி சிரைகள் என்று ஒரு பிழை இல்லாமல், ஒரு தடங்கல் இல்லாமல் அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. அவளோடு சேர்ந்து முணுமுணுத்த சுண்டெலி பாதியில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டரம்மா எங்குமே மூச்சு வாங்கவில்லை.

சொல்லி முடித்த பிறகு, எதையோ மறந்துவிட்டு நினைத்துக்கொண்டவளைப் போல, அவள் தோளை உயர்த்தி ஒரு முறை காற்றை இழுத்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டாள்.

சுண்டெலி புத்தகத்தைப் பாதி மூடினாள். வீட்டுக்குக் கிளம்பலாமா என்று தோன்றியது. ஆனால் செய்முறைப் பாடம் பாக்கி இருந்தது. போன வருடம் அவளைக் கவிழ்த்ததே அதுதான். தேர்வாளர் முன்னால் பக்கத்தில் நிற்பவளின் நாடித்துடிப்பை எண்ணச் சொன்னார்கள், இவளுக்குக் கடைசி வரை நாடி அகப்படவே இல்லை. உயிரோடு நிற்கிற பெண்ணிடமே நாடி தேடத் தெரியாதவள் எப்படி நர்ஸாகப் போகிறாய் என்று அவர் கேட்டதை நினைத்தால் இப்போதும் காது சூடாகும். இதைக் கற்றுக்கொள்ளாமல் போக முடியாது.

டாக்டரம்மா தானாகவே கையை நீட்டினாள்.

ஈரத்துணியைத் தொட்டது போல் இருந்தது அந்தக் கை. சுண்டெலி மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். உடனே கிடைத்தது! டக் டக்கென்று வேகமாக, தெளிவாக. இத்தனை நேரப் பயமும் ஒரே மூச்சில் இறங்கியது. தன்னையே திட்டிக்கொண்டு, சந்தோஷமாக எண்ணினாள். நூற்றைத் தாண்டி வந்தது.

டாக்டரம்மா குனிந்து அவள் விரல்களைப் பார்த்தாள்.

"கட்டைவிரல வெச்சிருக்கடி," என்றாள். "கட்டைவிரலுக்குன்னு ஒரு துடிப்பு இருக்கு. நீ எண்ணுனது உன்னோடத."

பாடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்ட வரி அது. எல்லா மக்குகளும் செய்கிற தவறு. சுண்டெலி அசட்டுச் சிரிப்போடு கட்டைவிரலை எடுத்துவிட்டு நடுவில் உள்ள மூன்று விரல்களையும் வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே. எலும்பின் ஓரமாக. ஒன்றும் இல்லை. இன்னொரு கையை வாங்கிக்கொண்டாள். அதிலும் இல்லை. கழுத்தில் தாடைக்குக் கீழே விரலை வைத்தாள், அங்கே யாருக்கும் தப்பாது என்று புத்தகமே சொல்கிறது. பவுடர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பவுடர் போன இடத்தில் தோல் சாம்பல் நிறமாக இருந்தது.

நான்தான் மக்கு என்று சொல்லிக்கொண்டாள். நான்தான் தப்பாக வைக்கிறேன். எனக்குத்தான் எப்போதும் கிடைக்காது. வாழ்க்கையில் முதல் முறையாக, தான் மக்காக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டினாள்.

"எனக்கும் கிடைக்கலடி," என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "ரெண்டு நாளா நானும் தேடுறேன்."

மின்விசிறி முனகியது.

"அம்மாவும் தேடினாங்க. ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் முகத்தக் கழுவிட்டு வந்து, உன்னக் கூப்பிடச் சொன்னாங்க."

சுண்டெலி கையை எடுக்கப் பார்த்தாள். டாக்டரம்மாவின் மறுகை அதற்குள் வந்து அவள் கையை மூடியிருந்தது. முரட்டுப் பிடி இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, பரீட்சைக்கு முன்னால் தைரியம் சொல்லப் பிடிக்கும் அதே பிடி. அந்த விரல்கள் சுண்டெலியின் கட்டைவிரலைத் தேடிப் பிடித்தன. நிமிர்த்தின. தன் மணிக்கட்டில் கொண்டுபோய் அழுத்தின.

"இத வெச்சப்ப கிடைச்சுதில்ல. அப்படியே வெச்சிரு."

டக். டக். டக்.

சுண்டெலிக்கு அழுகை வந்தது. விடு, நான் வீட்டுக்குப் போகிறேன், எனக்குப் பரீட்சை வேண்டாம், கடையிலேயே நிற்கிறேன் என்று ஏதேதோ சொன்னாள். சத்தம் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. இழுத்தாள். காலை மேசையில் ஊன்றி இழுத்தாள். புத்தகம் கீழே விழுந்தது. கட்டைவிரல் மட்டும் வரவில்லை. அது இப்போது அவள் சொல்வதைக் கேட்கவில்லை.

படியில் காலடி. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"கிடைச்சுதாம்மா?" அம்மாவின் குரல்.

"கிடைச்சிருச்சும்மா."

வெளியே யாரோ விம்மினார்கள். சந்தோஷத்தில் வருகிற விம்மல். சுண்டெலி ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். பதிலாக வெளித் தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது. தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் போடுவது போல.

டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக்.

குளிர்ந்தது. முதலில் விரல் நுனி, பிறகு முழங்கை. கால்கள் துவண்டு நாற்காலியில் சாய்ந்தாள். டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சுண்டெலியின் கன்னத்தில் காற்று பட்டது. மூச்சு. வெதுவெதுப்பான மூச்சு.

"அழாத. நாளைக்கு உனக்கும் சேத்து நானே எழுதிடறேன்."

அந்தக் குரலில் பொய் இல்லை, அன்புதான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. சுண்டெலி தலையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணை மட்டும் நகர்த்த முடிந்தது.

தன் கை தெரிந்தது. நகங்கள் நீலம். உள்ளங்கை வெளுப்பு. அந்தக் கட்டைவிரல் அழுந்தியிருந்த இடத்திலிருந்து, டாக்டரம்மாவின் சாம்பல் தோலுக்கு அடியில், நூல் போல ஓர் இரத்த நாளம் புடைத்து எழுந்தது. துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. மணிக்கட்டைத் தாண்டியது. கிளை விட்டது. கிளையும் கிளை விட்டது. பாடப்புத்தகப் படத்தில் இருந்தபடியே, ஒரு பிழை இல்லாமல், சிவந்துகொண்டே முழங்கையை நோக்கி ஏறியது.